மூன்றாம் வேற்றுமை எங்கே?

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் வரும் காலத்தில், துறைக்கொரு கொள்கை விளக்கக் குறிப்பு அச்சாகி வருகிறது. நாவல் வந்தால் மதிப்புரை எழுதுகிறோம். நாடகம் வந்தால் திறனாய்வு செய்கிறோம். வெண்பாவில் தளை தட்டினால் புலவரைப் பிடித்து உலுக்குகிறோம். பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வை எழுதிச் செல்லும் அந்த ஏடுகளை மட்டும் எவரும் உரைநடையாகக் கருதிப் படிப்பதில்லை. படித்துத்தான் பார்ப்போமே என்று, நகர்ப்புற வீட்டு வசதி பற்றிய குறிப்புகள் சிலவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வகுப்பறையில் பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு கற்பிப்பவர்களின் கண்ணுக்கு ஒன்று உடனே படும். வீடுகள் கட்டப்பட்டன, குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன, பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. பக்கத்துக்குப் பக்கம் செயப்பாட்டு வினை! அதன் இலக்கணம் என்ன? செயப்படுபொருள் எழுவாயின் இடத்தில் வந்து அமரும். செய்தவனாகிய கருத்தா ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபை ஏற்று நிற்பான். குயவனால் குடம் வனையப்பட்டது. தச்சனால் தேர் செய்யப்பட்டது. இந்த ஏடுகளிலோ குடம் இருக்கிறது, குயவனைக் காணோம். நான்காம் வேற்றுமைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஏழைகளுக்கு, எளியோருக்கு, நலிந்த பிரிவினருக்கு, குடிசை வாழ் மக்களுக்கு! கொடைப் பொருளில் வரும் ‘கு’ உருபு வரிக்கு வரி வாரி இறைக்கப்பட்டிருக்கிறது. கொடுத்ததைச் சொல்வதில் கூச்சமில்லை. செய்தவரைச் சொல்வதில்தான் தயக்கம்.

ஓர் இடத்தில் மட்டும் ‘ஆல்’ தவறாமல் தலைகாட்டும். குடியிருப்பின் வாயிலில் பதித்திருக்கும் கல்லைப் பாருங்கள். இன்னாரால் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்னாரால் திறந்து வைக்கப்பட்டது. கத்தரிக்கோல் பிடித்த கைக்குக் கல்வெட்டு உண்டு. கரணை பிடித்த கைக்கு இல்லை. கலவையின் அளவைச் சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்ட கைக்கும் இல்லை. பிந்தியவரின் பெயர் கல்லில் இல்லாதது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

வெறும் இலக்கணச் சண்டை என்று தோழர்கள் எண்ணிவிட வேண்டா. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வானை முட்டும் ஒன்பது மாடி. வண்ணம் உலராத புதுமை. குடிவந்த மக்கள் சுவரைக் கையால் தட்டினார்கள், பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அதைப் படம் பிடித்து நாட்டுக்குக் காட்டியவர்களும் அவர்களே. அதன் பிறகுதான் ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். பொறியாளர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அந்த நடவடிக்கையை வரவேற்கிறோம். ஆனால், சுவர் தட்டும் வேலையைக் குடிவந்த பெண்கள் செய்யும் வரை, அதற்கென்றே ஊதியம் பெற்றவர்கள் எதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்?

அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், திருவொற்றியூரில் வாரியம் 1993இல் கட்டிய குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளோடு சரிந்து மண்மேடாயிற்று. விரிசலைக் கண்டு அஞ்சி மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களைக் காத்தது எந்த ஆய்வறிக்கையும் அன்று, அவர்களுடைய கண்களே. கட்டி முப்பதாண்டுகூட நிறையவில்லை. 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது! ஆள்வோர் அமரும் கட்டடத்துக்கு ஒரு சுண்ணாம்பு, ஆளப்படுவோர் உறங்கும் கட்டடத்துக்கு வேறொரு சுண்ணாம்பா?

வாரியம் பிறந்த கதை பெருமைக்குரியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது, எழுத்தாளர் இராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். ஏழே ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இல்லாமல் செய்வோம் என்பது அன்றைய முழக்கம். சேற்றில் கிடந்தவன், அந்தச் சேறு இருந்த இடத்திலேயே மாடியில் ஏறினான். உழைக்கும் இடம் அருகில், பிள்ளையின் பள்ளி அருகில், உறவு அருகில். அதுதான் அத்திட்டத்தின் உயிர். 1971இல் அதற்கெனச் சட்டமே வந்தது. அரசு ஒரு பகுதியைக் குடிசைப் பகுதியென்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அங்குள்ள மக்களுக்குச் சில காப்புகள் உண்டு, முன் அனுமதியின்றி வெளியேற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்குப் பிறகு? பல பத்தாண்டுகள் சென்னையில் ஓர் அறிவிப்பும் இல்லை. நகரம் பெருத்தது, குடிசைகள் பெருகின. சட்டம் மட்டும் பேனா மூடியைத் திறக்கவே இல்லை. அறிவிக்காத பகுதியில் வாழ்பவன் சட்டத்தின் கண்ணில் குடியிருப்போன் அல்லன்; ஆக்கிரமிப்பாளன். ஒரு கையெழுத்து இடாமல் விட்டதால் மனிதனின் பெயரே மாறிவிடுகிறது! இடாமல் விட்டவர் யார்? மறுபடியும் அந்த மூன்றாம் வேற்றுமை. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நல்ல பெயர்தான்.

இடையில் உலக வங்கியின் கடனோடு, 1977 முதல் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனை தரும் திட்டம் நடந்தது. தவணை கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராமல் நடையாய் நடந்தவர்கள் உண்டு. அதை விரித்தால் தனிக் கட்டுரையாகும்.

2000ஆம் ஆண்டிலிருந்து காற்று திசை மாறியது. இருந்த இடத்தில் மாடி என்பது போய், நகரத்துக்கு வெளியே மாடி என்றாயிற்று. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்தவர்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கிவிடப்பட்டார்கள். கண்ணகி நகரின் தொடக்ககால வீடுகள் 200 சதுர அடியைத் தாண்டவில்லை. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி ஆற்றங்கரையிலிருந்து அழைத்துச் சென்றார்கள். செம்மஞ்சேரியில் வீடு பெற்றவர்களோ ஆண்டு மாறி ஆண்டு முழங்கால் நீரில் நின்றார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம் அது என்பது, நிலப்படம் பார்க்கத் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஏன் இப்படி? அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது விளக்கமாகாது. 2005இல் வந்த நகரப் புதுப்பிப்புத் திட்டமானாலும், 2015இல் 2022க்குள் அனைவருக்கும் வீடு என்று முழங்கி வந்து, பிறகு கெடுவை நீட்டிக்கொண்ட பிரதமர் வீட்டு வசதித் திட்டமானாலும், தில்லியிலிருந்து வரும் பணம் வீட்டைத்தான் எண்ணும். அது நிற்கும் நிலத்துக்கு விலை தராது. நகரின் நடுவே நிலத்தின் விலை விண்ணை முட்டுகிறது. ஆகவே மலிந்த நிலம் எங்கே என்று தேடுகிறார்கள். மலிந்த நிலம் விளிம்பில் கிடக்கிறது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டினால் எண்ணிக்கை விரைவில் நிரம்பும், குறித்த ஆண்டுக்குள் பணம் செலவாகும், ஏட்டில் கட்டம் நிறையும். ஏட்டுக்கு வெற்றி. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த தாய்க்கோ, பெரும்பாக்கத்திலிருந்து போய்வரும் செலவும் நேரமும் கூலியைத் தின்றன. இருந்த வேலை போன பின் வந்த வீடு! அந்த இழப்புக்கு எந்த ஏட்டிலும் பத்தி கிடையாது.

ஆசிரியத் தொழிலில் இருப்பதால், எங்களுக்கு ஒரு கணக்கு மற்றவர்களைவிட உறுத்துகிறது. 2019 டிசம்பர் இறுதியில், சென்ட்ரல் நிலையத்தருகே கூவக்கரையில் இருந்த சத்தியவாணிமுத்து நகரின் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் அமர்ந்தவர், ஒடுக்கப்பட்டோருக்காக வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்தவர் சத்தியவாணிமுத்து அம்மையார். அவர் பெயர் தாங்கிய குடிசைகளுக்குக் கிடைத்த மரியாதை அது. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. டிசம்பரில் பெயர்த்தால் பிள்ளை எங்கே படிக்கும்? பழைய பள்ளி எட்டாத் தொலைவு. புதிய பள்ளியில் பாதி ஆண்டு கழிந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் சில நாள் ‘வரவில்லை’ என்று குறிப்போம். பிறகு பெயரை அடிப்போம். அந்தச் சிவப்புக் கோட்டை இழுப்பது ஆசிரியரின் கை. இழுக்க வைத்தது எவருடைய கை? வாரியத்தின் கணக்கில் அக்குடும்பம் ‘வீடு பெற்றோர்’ பட்டியலில் ஏறுகிறது. கல்வித் துறையின் கணக்கில் அதே வீட்டுப் பிள்ளை ‘இடைநின்றோர்’ பட்டியலில் ஏறுகிறது. இரு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

நீதிமன்றம் அகற்றச் சொன்னது, நாங்கள் என்ன செய்வோம் என்பார்கள். பல இடங்களில் அது உண்மையே. எனினும் அதே நீதிமன்றம் வேறொன்றும் சொல்லியிருக்கிறது. சேலத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போன நம் தொழிலாளி ஒருவரின் நடைபாதைக் குடிசையை 1981 ஜூலையில் இடித்து, குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பினார்கள். மனைவி மக்களைச் சேலத்தில் விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மீண்டும் பம்பாய் நடைபாதைக்கே வந்தார். அவரும் பிறரும் தொடுத்த வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்புரைத்தது. முறைப்படி அகற்றுவதை அத்தீர்ப்பு தடுத்துவிடவில்லை. அதன் குறை அது. ஆனால் பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்கு ஒப்பு என்ற கருத்து அன்றே சட்டமாகிவிட்டது. 2022இல் சென்னை இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கையில் ஒருவர் தீக்குளித்து மாண்டாரே, அப்போது அத்தீர்ப்பு எந்த அலமாரியில் உறங்கிற்று? முந்திய ஆண்டில்தான் மறுகுடியமர்வுக் கொள்கைக்கு வரைவு வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டிருந்தார்கள்.

எந்தக் கட்சி ஆண்டபோது எது நடந்தது என்று பட்டியலிட்டு மகிழ விரும்புவோர்க்கு நம்மிடம் சரக்கில்லை. மேலே சொன்னவற்றில் இரு கழகங்களின் ஆட்சிக்காலமும் கலந்தே கிடக்கிறது.

கண்ணகி நகர்! அந்தப் பெயரை எண்ணும்போது சிரிப்பு வருகிறது, சினமும் வருகிறது. மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்பதை நம்பச் சொல்லவில்லை. பகுத்தறிவாளர் அதைக் கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கலாம். ஒதுக்க முடியாத ஓர் இடம் அக்காப்பியத்தில் உண்டு. ஊர் பெயர் தெரியாத ஒரு பெண், கையில் ஒற்றைச் சிலம்போடு, வாயிற்காவலனைக் கடந்து நேரே அரசன் முன் நிற்கிறாள். அமைச்சரைப் பாருங்கள், மனு எழுதிப் போடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. பிழை தன்னால் நேர்ந்தது என்று பாண்டியன் ஏற்கிறான். பொற்கொல்லன் மேல் பழியைப் போட்டுவிட்டு அரியணையில் அமர்ந்திருக்க அவனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ‘என்னால்’ என்ற ஒரு சொல்லுக்காக உயிரையே விட்டான். அவள் பெயரை வைத்த குடியிருப்பில் இன்றைக்கு ஒருவர் குழாயில் நீர் வரவில்லையென்று கேட்கப் போனால், வாரியம் மாநகராட்சியைக் காட்டும், மாநகராட்சி குடிநீர் வாரியத்தைக் காட்டும், குடிநீர் வாரியம் மறுபடி வாரியத்தைக் காட்டும். 2020இல் அந்நகரின் சுவர்களில் அழகழகான ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஓவியம் நமக்குப் பகையன்று. வேலை கேட்டுப் போன இளைஞனின் முகவரியைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் முதலாளியின் மனத்தில் அந்த வண்ணம் ஒட்டியதா என்பதே கேள்வி.

வறுமைக்குக் காரணம் தலைவிதி என்றார்கள் பழைய புரோகிதர்கள். மேடை மேடையாக ஏறி அந்த விதியை விரட்டினோம். அது எங்கும் போய்விடவில்லை. விதிமுறை என்று பெயரை நீட்டிக்கொண்டு கோப்புக்குள் குடியேறிவிட்டது. ‘விதிகளின்படி இயலாது’ என்ற பதிலில் கடவுள் இல்லை, கருமம் இல்லை, முற்பிறப்பு இல்லை. மனிதனும் இல்லை! எழுதியவர் உண்டு, திருத்தும் அதிகாரம் படைத்தவர் உண்டு. பெயரைக் கேட்டால் மட்டும் அந்தப் பழைய புரோகிதரின் மௌனம்.

கோட்டைக்குப் போக நமக்கு வாயிற்காவலன் வழிவிடமாட்டான். அஞ்சலகத்துக்குப் போகலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. நம் ஊரில் வாரியக் குடியிருப்பு எது என்று பார்த்து, படிப்பகத்துத் தோழர்கள் ஒரு மாலை உட்கார்ந்து எழுதலாம்: இத்தொகுதியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் யார்? பூச்சுக் கலவையை ஆய்ந்து ஒப்பமிட்ட பொறியாளர் யார், எந்த நாளில்? கடைசியாகக் கட்டடத்தின் உறுதியை ஆய்ந்தவர் யார், என்ன எழுதினார்? குடும்பங்களைப் பெயர்க்கும் நாளைக் குறித்தவர் யார், அந்நாளில் அருகிலிருந்த பள்ளியில் எத்தனை இடங்கள் காலியாக இருந்தன? கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் செயப்பாட்டு வினையில் வந்தால், அதைச் சிவப்பு மையால் திருத்தி, ‘யாரால்?’ என்று ஓரத்தில் எழுதி, மேல்முறையீட்டோடு திருப்பி அனுப்புங்கள்.