கல்வெட்டைச் சுற்றி நடந்த காமிரா

பனோரமா என்றதும் நமக்கு மலையும் கடலும் நகரமும்தான் ஞாபகம் வரும். நின்ற இடத்தில் நின்றபடி காமிராவைத் திருப்புவது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் சான் பிரான்சிஸ்கோ குன்றின் மேலிருந்து 13 படங்களாக எடுத்தது அப்படித்தான். நடுவில் பார்ப்பவர், சுற்றிலும் ஊர்.

அதற்கு 20 வருஷம் முன்பே, 1858இல், லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். ராணுவ அதிகாரி, மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குக் கொண்டுவந்தார். இங்கே நடுவில் இருப்பது கோயில். நகர்வது காமிரா.

இது சுலபமான வேலை இல்லை. காமிரா ஒரே புள்ளியில் சுழன்றால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் பெரும்பாலும் ஒழுங்காகச் சேரும். இடம்விட்டு இடம் நகர்ந்தால் சேராது. தட்டையான பரப்பு மட்டுமே பொருந்தும், துருத்திக்கொண்டிருக்கும் கல் நழுவிப்போகும். அப்புறம் ஏன் இந்தப் பாடு? காரணம் கல்வெட்டிலேயே இருக்கிறது. ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த பொன், நகை, அவற்றின் எடை எல்லாம் சுவரோடு நீண்டுபோகும் வரிகள். படிக்கிறவர் நடந்தே ஆகவேண்டும். எழுத்தே பனோரமாவாக இருக்கும்போது படம் வேறு எப்படி இருக்கமுடியும்?

இதைப் பிரதட்சிணம் என்று கொண்டாடிவிட முடியாது. வலம் வருகிறவர் மூலையில் திரும்புவார், அண்ணாந்து பார்ப்பார். இந்தப் படத்தில் சுவர் நேர்கோடாகிவிட்டது, 200 அடிக்கு மேல் எழும் விமானம் வெட்டுப்பட்டுவிட்டது. எடுக்கப்பட்ட வருஷத்தையும் மறக்கக் கூடாது. கம்பெனி ஆட்சி முடிந்து நாடு பிரிட்டிஷ் மகுடத்தின் கைக்குப் போன வருஷம் அது. ராஜராஜன் தன் கொடையைக் கணக்கு எழுதினான். டிரைப் அந்தக் கணக்கையே இன்னொரு அரசின் கணக்கில் ஏற்றினார். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டுகள் 1891இல்தான் அச்சில் வரத் தொடங்கின. அதுவரை, எழுத்துகளின் வாசிப்புக்கு முன்பே அவற்றின் உருவம் பயணப்பட்டுவிட்டது.

இன்றைய ஃபோன் பனோரமா ஒட்டை மறைப்பதையே திறமையாக நினைக்கிறது. டிரைப்பின் படத்தில் 21 துண்டுகளும் துண்டுகளாகவே தெரிகின்றன. ஒவ்வொரு ஒட்டும், முக்காலியைத் தூக்கி ஒருவர் நகர்ந்து வைத்த இடம்.