நிதியமைச்சரின் உரைநடை

இலக்கிய விமர்சனம் என்றதும் நாவல், சிறுகதை, கவிதை ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஐந்நூறு பிரதிகள் விற்பதற்கே திணறும் நாவலொன்றின் நடையைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆனால், இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் சோற்றையும் சேமிப்பையும் தீர்மானிக்கின்ற ஓர் உரைநடை நமது நாட்டில் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதனை எவரும் விமர்சனத்துக்குரியதாகக் கருதுவதில்லை. பாராளுமன்றத்தில் வரி பற்றியும் வங்கிகள் பற்றியும் எழுப்பப்படும் வினாக்களுக்கு நிதியமைச்சின் சார்பில் அளிக்கப்படும் விடைகளையே நாம் குறிப்பிடுகிறோம்.

பொருளியல் நிபுணரின் வயலில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், வினா என்றால் என்ன, விடை என்றால் என்ன என்று வகுத்துக் கற்பிப்பது நமது தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுவியலில் வினா ஆறு வகைப்படும் என்றும், விடை எட்டு வகைப்படும் என்றும் கூறப்பட்டுள்ளது. எட்டனுள் மூன்று நேரடியான விடைகள். எஞ்சிய ஐந்தும் கேட்டதற்கு நேரே மறுமொழி கூறாது, குறிப்பினால் விடையாகக் கொள்ளப்படுவன. மாணவர் இப்பாகுபாட்டை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவித்துவிட்டு மறந்துவிடுகின்றனர். உண்மையில், குடிமகன் ஒருவன் கையில் இருக்க வேண்டிய உரைகல் இது. அதனைக் கொண்டு அண்மைக்கால விடைகள் சிலவற்றை உரைத்துப் பார்ப்போம்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடனும் மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு அரசாங்கம் ஆங்கிலத்தில் சூட்டிய பெயரே ஆராய்ச்சிக்குரியது. கடன் குறைப்பு என்றோ, மறுசீரமைப்பு என்றோ அது அழைக்கப்படவில்லை. 'ஒப்டிமைசேசன்' என்று அழைக்கப்பட்டது. மிகவும் உகந்த நிலைக்குக் கொண்டுவருதல் என்பது அச்சொல்லின் பொருள். எவருக்கு உகந்த நிலை என்பதைச் சொல் கூறவில்லை.

2023 யூன் 30 ஆம் திகதி விசேட வங்கி விடுமுறையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாளும், வார இறுதியும், போயா தினமும் அதனோடு சேர்ந்தமையால் ஐந்து நாட்கள் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. வங்கிகளின் கதவுகள் அடைபட்டிருந்த அந்நாட்களிலேயே, யூலை 1 ஆம் திகதி, பாராளுமன்றம் கூடி 122 வாக்குகளால் அத்திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. எதிர்த்து வாக்களித்தோர் 62 பேர்.

திட்டத்தின் உட்பொருள் யாது? திறைசேரி முறிகளைப் பொறுத்தவரை, அதன் சுமை ஓய்வுகால நிதியங்கள் மீது, சிறப்பாக ஊழியர் சேமலாப நிதியத்தின் மீது வைக்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான நிதியம் அது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், தொழில் வழங்குநரிடமிருந்து 12 வீதமும் மாதந்தோறும் அதிற் சேர்கின்றன. தோட்டத் தொழிலாளியும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும், கடைச் சிப்பந்தியும் முதுமைக்கென ஒதுக்கி வைத்த பணம் அது. அந்நிதியத்திடமிருந்த முறிகளை மீளப்பெற்று, 2025 வரை 12 வீதமும், அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகள் மாற்றாக வழங்கப்பட்டன. அவற்றின் முதிர்வுக் காலம் 2027 முதல் 2038 வரை நீண்டது. வர்த்தக வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. டொலரில் வழங்கப்பட்ட அபிவிருத்தி முறிகளில் வங்கிகளும் பங்கேற்றன என்பதையும் இங்கு குறிப்பிடுதல் நேர்மையாகும்.

இனி விடைகளுக்கு வருவோம். பாராளுமன்றத்திலும் அதற்கு வெளியிலும் அரசாங்கத் தரப்பினர் கூறியவற்றின் சாரத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது வினா: வங்கிகளின் முறிகள் ஏன் விலக்கப்பட்டன? அளிக்கப்பட்ட விடை: வங்கிகள் தம் இலாபத்தில் ஐம்பது வீதத்துக்கு மேல் ஏற்கெனவே வரியாகச் செலுத்துகின்றன. இதனை நன்னூலார் 'இனமொழி' என்பார். உப்பு உண்டோ என்று கேட்டவனிடம் புளி உண்டு என்று கூறுவது போன்றது இது. கேட்கப்பட்டது கடனைப் பற்றி. சொல்லப்பட்டது வரியைப் பற்றி. இலாபத்தின் மீதான வரி இலாபம் உள்ளபோதே எழும். நட்டம் வந்தால் இல்லாதொழியும். வட்டி குறைக்கப்பட்ட முறியோ முதிரும் நாள் வரை குறைந்தபடியே இருக்கும். இரண்டும் ஒன்றாகா. அவ்வாறன்றி, ஏற்கெனவே வரி செலுத்துவோர் கடன் சுமையிலிருந்து விலக்குப் பெறலாம் என்பதே நியதியாயின், அந்நியதி தொழிலாளிக்கும் பொருந்த வேண்டும். அவன் வாங்கும் சவர்க்காரத்திலும் தீப்பெட்டியிலும் பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கிறதே! அவன் செலுத்தும் வரி ஏன் கணக்கில் வரவில்லை?

இரண்டாவது வினா: இம்மாற்றத்தால் நிதியத்துக்கு எவ்வளவு இழப்பு? அளிக்கப்பட்ட விடை: அங்கத்தவர்களுக்குக் குறைந்தபட்சம் 9 வீத வட்டி உறுதி செய்யப்படும். செவிக்கு இது நேர்விடை போலவே ஒலிக்கிறது. ஆயின் இதுவும் இனமொழியே. கிடைக்கக்கூடியதில் எவ்வளவு போகிறது என்று கேட்டால், எவ்வளவு கட்டாயம் கிடைக்கும் என்று கூறப்படுகிறது. 2022 ஆம் ஆண்டுக்கு அந்நிதியம் வழங்கிய வட்டி 9 வீதம். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக உயர்ந்திருந்தது. முப்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பு ஓராண்டில் எவ்வளவு கரைந்தது என்பதை அறிய உயர்கணிதம் தேவையில்லை. அவ்வாறு கரைந்துபோனதன் மீதே இரண்டாவது சுமையும் ஏற்றப்பட்டது.

மூன்றாவது வினா: வேறு வழியே இல்லையா? அளிக்கப்பட்ட விடை: வங்கிகள் மீது கைவைத்தால் அவை நிலைகுலையும், வைப்பாளர்களின் பணம் ஆபத்துக்குள்ளாகும். இது 'உறுவது கூறல்', அதாவது வரப்போவதைக் கூறுதல். இவ்விடையை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. வங்கி குலைந்தால் முதலாளியின் பணம் மட்டுமன்றி, தோட்டத்துப் பெண்ணின் சேமிப்புப் புத்தகமும் வெற்றுத்தாளாகிவிடும். ஆனால், வங்கி விழுந்தால் யாவரும் விழுவர் என்பது வங்கியைக் காப்பதற்கான நியாயமே. அதன் விலையை ஒரு சாரார் மட்டும் செலுத்த வேண்டும் என்பதற்கான நியாயமாகாது. யாவருக்கும் பொதுவான ஆபத்தைக் காட்டி, ஒரு வர்க்கத்தின் சேமிப்பிலிருந்து காப்புக்கூலி பெறப்பட்டது. விடையிலுள்ள இவ்விடைவெளியைக் கேள்வி கேட்டோர் போதிய அளவு சுட்டிக்காட்டினார்களா என்பதும் சிந்திக்கத் தக்கது.

இவ்வுரைநடையின் உச்சம் இன்னும் வரவில்லை. நிதியங்கள் இம்மாற்றத்துக்குத் தாமாகவே இணங்கலாம், இணங்காமலும் விடலாம் என்று கூறப்பட்டது. இணங்கினால் அவற்றின் முறி வருமானத்துக்கு 14 வீத வரி; இணங்காவிடில் 30 வீதம். நன்னூலார் வகுத்த வினாக்களுள் ஒன்று 'ஏவல் வினா'. வடிவத்தில் அது வினா, கருத்தில் அது கட்டளை. பிரம்பைக் கையிற் பிடித்துக்கொண்டு, வாசிக்க விருப்பமா என்று மாணவனைக் கேட்பதை ஒத்தது இது. 2023 செப்டெம்பரில் சேமலாப நிதியம் இணங்கிற்று. நிதியத்தின் முதலீட்டை நிருவகிப்பது இலங்கை மத்திய வங்கி. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களிடம் எவரும் வினவவில்லை.

வரிக்கொள்கையும் வங்கிக்கொள்கையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இதுவே. 2021 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மாதத்தில் இருபத்தைந்து நாட்கள் வேலை கிடைத்தாலும் 25,000 ரூபா. 2023 சனவரியிலிருந்து மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் வருமானம் பெறுவோரே வருமான வரிக்கு உட்பட்டனர். ஆகவே, சட்டப்படி அத்தொழிலாளி வருமான வரி செலுத்த வேண்டியவரல்லர். ஆயினும், அவருடைய முதுமைப் பணம் ஈட்டும் வருமானத்தில் 14 வீதம் வரியாக அறவிடப்படுகிறது. பெருங்கம்பனிகள் செலுத்தும் 30 வீதத்தைச் சுட்டி அவருடைய நிதியம் அச்சுறுத்தவும்பட்டது. வரி செலுத்தாத ஏழைகள் என்று நமது பத்திரிகைகளில் எழுதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

இவ்விடைகளின் இலக்கணத்தில் நாம் காணும் பொதுப்பண்பு ஒன்றுண்டு. அவற்றில் எழுவாய் இல்லை. 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'வருமானம் அதிகரிக்கப்படும்', 'சுமை பகிரப்படும்' என்றவாறு செயப்பாட்டு வினைகளே அணிவகுக்கின்றன. யார் எடுப்பார், எவரிடமிருந்து அதிகரிக்கப்படும், எவர் எவ்வளவு பகிர்வர் என்பன மறைந்து நிற்கின்றன. மறைந்த எழுவாயைத் தேடிப் பிடித்தால் அங்கே பெரும்பாலும் தொழிலாளியே நிற்கிறான்.

விடை மட்டுமன்றி, விடை கூற வேண்டியவரும் மறைந்து வருகிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1953 இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். அவ்விலையேற்றத்தை எவரும் கண்ணாற் காணலாம். அமைச்சரையும் சபையில் நேரே காணலாம். ஆகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பின் பிரதமர் டட்லி சேனநாயக்கவே பதவி துறந்தார். 1962 இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டு அரிசியைக் குறைக்க முற்பட்டபோது அவருடைய கட்சியினரே எதிர்த்தனர். அவர் நிதியமைச்சிலிருந்து விலகினார். 2019 டிசம்பரிலோ, பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்ட மறுநாளே பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டது. சபை மீண்டும் கூடியது 2020 சனவரி 3 ஆம் திகதியன்று. வினவ வேண்டிய வேளையில் வினவுதற்குச் சபையே இல்லை. அதற்குரிய விடையை மக்கள் 2022 இன் எரிபொருள் வரிசைகளிற் பெற்றனர். பொருளாதாரத்தைப் பாழ்படுத்தியதன்மூலம் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பு மீறப்பட்டது என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பிற் பெயர் குறிக்கப்பட்டோருள் நிதியமைச்சர்களாக இருந்த மகிந்த ராஜபக்ஷவும் பசில் ராஜபக்ஷவும் அடங்குவர். குறைக்கப்பட்ட அதே வரி 2024 சனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெய் ஒழிந்த எரிபொருள்களும் அதற்குள் அகப்பட்டன.

2022 முதல் நிதியமைச்சுப் பொறுப்பை ரணில் விக்கிரமசிங்க தம்மிடம் வைத்திருந்தார். அவர் ஜனாதிபதியான பின்னரும் அது தொடர்ந்தது. 2024 இல் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்கவும் அவ்வாறே செய்தார். கட்சிகள் மாறின, கொள்கைகளிலும் வேற்றுமை கூறப்பட்டது. ஆனால், நாள்தோறும் எழும் வினாக்களுக்கு விடை கூறுபவர் பிறிதொருவர் என்ற வழக்கம் மாறவில்லை. தீர்மானிப்பவர் வேறு, மறுமொழி கூறுபவர் வேறு என்றாகும்போது, அவ்விடை தூதுமொழியாகுமேயன்றிப் பொறுப்புள்ள விடையாகாது.

தமிழ் வாசகருக்கு மேலும் ஓர் இடர்ப்பாடுண்டு. ஹன்சார்ட் அறிக்கையில் உரைகள் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகின்றன. சிங்களத்தில் அளிக்கப்படும் விடை, பத்திரிகையின் நான்கு வரிச் செய்தியாகவே நம்மை வந்தடைகிறது. லயத்திலும் சேரியிலும் வாழும் அங்கத்தவருக்கு அந்த நான்கு வரியும் எட்டுவதில்லை. இந்நிலையில், அவ்விடைகளைப் படித்து, பகுத்து, எளிய தமிழில் மக்களிடம் கொண்டுசெல்லுதல் எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை என்றே நாம் கருதுகிறோம். பொருளியல் எமக்கு விளங்காது என்று ஒதுங்குவது பணிவன்று. அது, விளங்காத மொழியில் ஆளுவோர்க்கு நாம் செய்யும் உதவி.

நாம் வேண்டுவது அலங்காரமன்று. வரி பற்றியோ வங்கி பற்றியோ அளிக்கப்படும் ஒவ்வொரு விடையிலும் மூன்று செய்திகள் இருத்தல் வேண்டும்: கொடுப்பவர் யார், கொடுப்பது எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு. அம்மூன்றையும் நிதியமைச்சரே சபையில் எழுந்து நின்று கூறுதல் வேண்டும். அதுவரை, விடைகளை வாசிக்கும் ஒவ்வொருவரும் முதலில் எழுவாயைத் தேடட்டும். நமது வகுப்பறைகளில் நன்னூலின் விடை வகைகளுக்கு உதாரணம் கூறும் ஆசிரியர்களும் ஹன்சார்ட்டிலிருந்து இரண்டொன்றை எடுத்துக் காட்டட்டும்.