ஔகாரக் குறியும் ளகரமும்: கணினிப் பதிப்பில் ஒரு பாடச் சிக்கல்

ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இத்தகைய ஏடுகளைக் கொண்டே பாடந் தெளிந்தார். அச்சு வந்தபின் இவ்விடர் நீங்கிற்று என்று கருதினோம். கணினியில் அது வேறுருவில் மீண்டுள்ளது. ஏட்டில் இருந்த மயக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, இதுவோ தெரியாதது.

ஒருங்குறியில் 'கௌ' என்பதை மூவகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஔகாரக் குறியை ஒரே குறியாக இடுதல் ஒன்று. கொம்பும் ஔகார நீட்டக் குறியும் தனித்தனியே இடுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி விதிக்கின்றது. மூன்றாவது, கொம்பின்பின் ளகர எழுத்தையே இடுதல். இது பிழை, எனினும் மிகப் பரவியது. தட்டச்சுப் பொறியிலும், வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய எழுத்துருக்கள் பலவற்றிலும் ளகரமே அவ்விடத்து நின்றது; கை பழகிய வழி எளிதில் மாறாது.

விளைவு யாது? சங்க நூல்களில் அலர் என்னும் பொருளில் பயிலும் 'கௌவை'யை ஓர் ஆய்வாளர் கணினியில் தேடுகின்றார். ளகரம் இட்டு எழுதிய இடங்கள் அகப்படமாட்டா. கடலைக் குறிக்கும் 'பௌவ'த்திற்கும் இதே நிலை. "இச்சொல் இந்நூலில் இல்லை" என்று துணிந்து, அதன்மேல் காலவாராய்ச்சியும் எழுப்பிவிட்டால், அவ்வாராய்ச்சி தட்டச்சாளரின் விரல்மேல் நிற்பதாகும். அண்மைக்கால ஆய்வேடுகளின் சொல்லெண்ணிக்கைகளை யான் ஐயுறுவது இதுபற்றியே.

இயங்குதளம் மாறுமிடத்து வேறோர் இடர் உண்டு. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் பெயரால் ஒரு கோப்பு அமைப்பதாகக் கொள்வோம். மேக் கணினியின் பழைய கோப்பு முறை, பெயரிலுள்ள ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்தே சேமித்தது. 2017 இல் வந்த புதிய முறை தந்த வடிவிலேயே காக்கின்றது. லினக்சு இரண்டையும் வேறு பெயர்களாகவே கொள்ளும். ஆகவே ஒரே பெயருடைய இரு கோப்புகள் அருகருகே தோன்றும். எது திருத்திய படி என்பது விளங்காது.

'கொம்பும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரமாக்குக' என உரைத்தொகுப்பிக்குக் கட்டளையிடலாமே எனின், அது தகாது. வெளி, வெள்ளம், தெளிவு ஆகிய யாவும் சிதையும். உயிர்க்குறியோ புள்ளியோ பெறாத ளகரத்தை மட்டும் மாற்றுக எனின் இவை பிழைக்கும்; ஆயின் பேச்சுவழக்கு அழியும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சூழ்ந்த நடுநாட்டில் விளக்கு 'வெளக்கு' ஆகும்; கிளம்பு 'கெளம்பு' ஆகும். அடுத்த அசையில் அகரம் வருங்கால் சொன்முதல் இகரம் எகரமாதல் இந்நிலத்திற்கு மட்டும் உரியதன்று. ஆயினும் இந்நிலத்துப் பேச்சை இமையம், கண்மணி குணசேகரன் முதலியோர் இலக்கியமாக்கினர். 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தவரும் கண்மணி குணசேகரனே. இத்தகைய எழுத்தில் அக்கட்டளை புகுமாயின் 'வௌக்கு' என்னும் இல்லாச் சொல் பிறக்கும். பதிப்பாசிரியர் செய்யாத பிழை பதிப்பில் ஏறும்; ஆசிரியர் காத்த ஒலி மறையும்.

ஆதலின் பதிப்பாசிரியர் தம் கருவியைத் தாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஈமாக்சு என்னும் உரைத்தொகுப்பி விண்டோசு, லினக்சு, மேக் மூன்றிலும் இயங்குவது. அதன் அமைப்புக் கோப்பினை ஒரு கணினியினின்று மற்றொன்றிற்கு எடுத்துச் செல்லலாம். ஐயத்திற்குரிய ளகரத்தை நிறமிட்டுக் காட்டுமாறும், ஒவ்வோரிடத்தும் வினவிய பின்னரே மாற்றுமாறும் அதனைப் பணிக்கலாம். சங்க நூலுக்கு ஒரு விதி, வட்டாரப் புனைவிற்கு வேறொரு விதி என வகுத்தலும் கூடும். இதனைக் கணிப்பொறியாளர் வேலை என்று தமிழாசிரியர் ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. 'வெளக்கு' சொல்லா பிழையா என்று பொறியாளர் எங்ஙனம் அறிவார்?

இன்னொன்று. பழம்பதிப்பாசிரியர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினர். இன்று மின்பதிப்பு வெளியிடுவோர், எவ்விதி கொண்டு எவ்வெழுத்தை மாற்றினோம் என்பதை முகவுரையிற் கூறுதல் அரிதாகவே உள்ளது. அம்மாற்று விதிகளின் பட்டியலை நூலின் இறுதியில் அவ்வண்ணமே அச்சிடுதல் வேண்டும். ஒரு பக்கத்திற்குமேல் அது நீளாது.