ஏலக்காட்டு நிழலில் ஒரு நடுத்தரக் கேமரா

ஏலச்செடி நேர்வெயில் தாங்காது. பலா, சந்தனவேம்பு என்று உயர்ந்த மரங்களை நிற்கவிட்டு, அவற்றின் நிழலில்தான் அதை வளர்க்க முடியும். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை இந்த நிழல்தான். காட்டுயிர்ப் படம் எடுப்பவருக்கு இது கடினமான இடம். நண்பகலில் மேலே வெயில் கொளுத்தும். செடிகளுக்கு நடுவே நின்றால் பொழுது சாய்ந்துவிட்டதோ என்று தோன்றும்.

நடுத்தர விலைக் கேமராவைச் சோதிக்க இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். கையில் இருந்தது 2022-ல் வந்த கேனான் இஓஎஸ் ஆர்10. ஏபிஎஸ்-சி சென்சார், 24.2 மெகாபிக்சல். மாட்டிய லென்ஸ் 2021-ல் வந்த ஆர்எஃப் 100–400 மி.மீ. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்துக் கேமரா 429 கிராம், லென்ஸ் 635 கிராம். ஆக மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டுக்கும் ஒன்றரை லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகும். தொழில்முறைக்காரர்கள் தூக்கிவரும் 600 மி.மீ. லென்ஸ் ஒன்றுக்கே பத்து லட்சத்தைத் தாண்டும் என்பதால், மாதச் சம்பளக்காரர் சேமித்து வாங்கக்கூடியது இந்த ஜோடிதான்.

கடைக்குப் போனவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி, “எவ்வளவு தூரம் இழுக்கும்?” இந்த மலையில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. கணக்குப் போட்டால் தெரியும். ஆர்10-ல் 400 மி.மீ. வைத்து இருபது மீட்டர் தொலைவில் பார்த்தால், படத்தின் அகலத்துக்குள் சுமார் 1.1 மீட்டர் அடங்கும். மலை அணில் மூக்கிலிருந்து வால்நுனி வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதாவது படம் நிறைய அணில்தான். ஐம்பது மீட்டரில் அந்த அகலம் 2.8 மீட்டர் ஆகிறது. வளர்ந்த காட்டுமாடு பக்கவாட்டில் நின்றால் முழுதாக அடங்குவதே சிரமம். அடர்ந்த ஏலக்காட்டில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் இலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. இதற்கு மேல் ஜூம் வாங்கி என்ன செய்வது?

பற்றாக்குறை வெளிச்சத்தில்தான். இந்த லென்ஸ் 100 மி.மீ.-ல் எஃப்5.6 வரை திறக்கும். 400-க்கு நீட்டும்போது எஃப்8 ஆகச் சுருங்கிவிடும். விலையும் எடையும் குறைந்ததற்குக் கொடுக்கும் ஈடு அது. திறந்த மலைச்சரிவின் வெயிலில் எஃப்8-ல், ஐஎஸ்ஓ 400 வைத்தாலே 1/1600 நொடி ஷட்டர் கிடைக்கிறது. பறக்கும் பறவைக்குப் போதும். அதே லென்ஸோடு மரநிழலுக்குள் நுழைந்து ஷட்டரை 1/250-க்கு இறக்கினாலும் ஐஎஸ்ஓ 3200 கேட்கும். மேகம் மூடினால் 6400. லென்ஸில் உள்ள ஆட்டத்தடுப்பு நம் கைநடுக்கத்தைச் சமாளிக்கும். தலையைத் திருப்பும் குரங்கை அதனால் நிறுத்திவைக்க முடியாது.

3200 வரை இந்தச் சென்சார் நன்றாகவே நிற்கிறது. 6400-ல் ஜேபெக் எடுத்தால் கேமராவே புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று ரோமத்தையும் சேர்த்து வழித்துவிடுகிறது. ரா கோப்பாக எடுத்து, வீட்டில் கணினியில் இரைச்சல் நீக்கினால் ஏ4 அளவு அச்சுக்குத் தாராளமாக வரும். இந்தக் கேமரா வாங்குபவர் ராவில் எடுக்கப் பழகியே ஆக வேண்டும். பழகாவிட்டால் பாதிப் பணம் வீண்.

இனி மலையைப் பற்றி. முந்தலில் ஏறத் தொடங்கினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சரிவு முழுக்கக் கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக மலைமுகத்தில் விழும்; சாலையில் நின்று சரிவை நோக்கினால் சூரியன் நமக்கு முதுகில். எஃப்8 லென்ஸுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. விடிகாலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் போய் ஓய்ந்த பிறகு கொஞ்ச நேரம் சாலை அமைதியாக இருக்கும். அப்போது செம்மீசைச் சின்னானும் மின்சிட்டும் ஓரத்து மரங்களில் தாராளமாக உட்காரும். பிற்பகலில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விடுவதால், இருட்ட வெகுநேரம் இருக்கும்போதே இந்தப் பக்கம் மங்கிவிடும். அந்த நேரத்தில் முகட்டைத் தாண்டி மேற்கே போனால், சாய்ந்த வெயில் தோட்டத்து ஓரங்களில் மரக்கிளைகளுக்கு அடியில் புகுந்து வரும். காலையில் இந்தப் பக்கம், மாலையில் அந்தப் பக்கம். இந்த இடமாற்றத்தால் கிடைக்கும் வெளிச்சம், பணம் கொடுத்து வாங்கும் ஒரு படி பெரிய லென்ஸுக்குச் சமம். பருவமழைக்கு முன்னால் நிழல்மரங்களைக் கவாத்து செய்வார்கள். அதற்குப் பிந்திய நாட்களில் போனால் ஐஎஸ்ஓவைப் பாதியாகக் குறைக்கலாம்.

மலை அணிலை எடுத்தது அப்படிக் கவாத்து முடிந்த ஒரு தோட்டத்தில். பலா மரத்தில் பழத்தைக் குடைந்துகொண்டிருந்தது, எங்களைப் பார்த்ததும் உச்சிக்கு ஓடிவிட்டது. நான் மரத்தைச் சுற்றி நடக்கப் போனேன். தோட்டத்துக் காவல்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருங்கண்ணே, பின்னாடி போகாதீங்க. பழம் இங்க கிடக்கையில அது எங்க போகும்?” இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். பழத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, ஷட்டரை 1/500-க்கு ஏற்றிக் காத்திருந்தேன். வந்தது. பின்னங்கால்களால் கிளையைப் பற்றி, தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையிலும் சுளையை வைத்துக்கொண்டு தின்றது. வாலின் செம்பழுப்பில் வெயில் ஊடுருவிய அந்தப் படத்தை, ஐந்து மடங்கு விலையுள்ள கேமரா இதைவிட அதிகம் மேம்படுத்தியிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஃபோகஸ் விஷயத்தில் ஆர்10 பாராட்டுக்குரியது, நிபந்தனையோடு. விலங்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி நாய், பூனை, பறவைகளுக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. வெட்டவெளிக் கிளையில் இருக்கும் குக்குறுவானின் கண்ணை நொடியில் பிடித்துவிடும். நாட்டுக்குரங்கின் கண்ணையும் பெரும்பாலும் கண்டுகொள்கிறது. ஆனால் முன்னால் நாலு ஏல இலை குறுக்கே வந்தால் இலைக்குப் போய்விடும். அதனால் கண்தேடலை ஒரு பட்டனிலும், ஒற்றைப்புள்ளி ஃபோகஸை இன்னொரு பட்டனிலும் வைத்துக்கொண்டேன். இலை இடுக்கில் எப்போதும் ஒற்றைப்புள்ளிதான். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம். எலக்ட்ரானிக்கில் 23, சத்தமே கிடையாது. கூச்சமுள்ள விலங்கு அசையாமல் இருக்கும்போது சத்தமில்லாததைப் பயன்படுத்தலாம். சிறகடிக்கும் பறவைக்கு வேண்டாம், சிறகு வளைந்து விழும்.

கருமந்தியை எடுப்பது தனிப் பாடம். உடல் கருப்பு, தலைமுடி மட்டும் பழுப்புப் பொன். வெள்ளை வானத்துக்கு எதிரே உட்கார்ந்தால் கேமரா வானத்தை நம்பி மந்தியைக் கரிநிழலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்றரைப் படியாவது கூட்ட வேண்டும். இருண்ட இலைகளுக்கு நடுவே இருந்தால் நேர்மாறு, முக்கால் படி குறைக்க வேண்டும். ஆர்10-ன் வியூஃபைண்டர் எலக்ட்ரானிக் என்பதால் திருத்தம் அழுத்துவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உபகாரம்.

நான் எதிர்பார்க்காத பலன் தரையில் கிடைத்தது. ஏலச்செடி தலையில் பூப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் பூக்கிறது. வெள்ளைப் பூ, உதட்டிதழில் ஊதா வரிகள். மகரந்தம் சேர்க்க இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும் வரும். இந்த லென்ஸ் மிக அருகில் ஃபோகஸ் செய்யக்கூடியது; 400 மி.மீ.-ல் 0.41 மடங்கு உருப்பெருக்கம். ஒரு மீட்டர் தள்ளி, தேனீயைக் கலைக்காமல், மண்ணில் படுத்தபடி அதன் காலில் ஒட்டிய மகரந்தம் வரை எடுக்க முடிந்தது. போடி ஏல மையத்துக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக் காயும் இந்தப் பூச்சிகளின் உழைப்பு. இதை எடுக்காமல் யானையை மட்டும் தேடி அலைவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மருந்தடித்த நாளில் மட்டும் தோட்டத்துக்குள் போகக் கூடாது. நமக்கும் கேடு, பூச்சியும் இருக்காது.

தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன், பல பாகங்களைத் தானே சேர்த்து அமைத்த ஒரு கேமராவுக்கு ‘சூப்பர் பான்டெரோசா’ என்று பெயரிட்டு, கருப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அவருடைய படங்களைப் பார்த்த பிறகு கருவியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யானை என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சின்னக்கானல், சாந்தன்பாறை யானை நடமாடும் பகுதி. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்தான். ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். மிரண்ட யானையைச் சுற்றிக் கூட்டம் சேர்வது எவ்வளவு ஆபத்து என்று அந்த வாரங்களில் எல்லோரும் பார்த்தோம். யானையை ஜீப்பை விட்டு இறங்காமல்தான் எடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, ஜன்னலில் அரிசி நிரப்பித் தைத்த துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் 1/125 நொடியிலும் கூர்மையாக வரும். போடிமெட்டுச் சாலைக் குரங்குகளுக்குத் தீனி போட்டு அருகில் வரவழைப்பதும் கூடாது. குரங்கணிப் பக்கம் மலையேறுவதென்றால், 2018 மார்ச் 11 காட்டுத்தீக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் நினைத்தும் பார்க்கக் கூடாது.

குறைகளுக்கு வருகிறேன். லென்ஸுக்கு மழைக்காப்பு கிடையாது. சாரலும் மஞ்சும் இறங்கும் மலையில் இது சின்னக் குறை இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறையும் துவாலையும் எப்போதும் வேண்டும். லென்ஸ் ஹுட் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். கேமரா உடலில் ஆட்டத்தடுப்பு இல்லை என்பதால், பழைய, ஆட்டத்தடுப்பில்லாத லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டினால் முக்காலி தேவைப்படும். மெட்டிலிருந்து போடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்குகிறோம். மேலே குளிர்ந்துபோன கண்ணாடி கீழே வெக்கையில் வியர்க்கும். இறங்கும்போது பையை மூடியே வைத்து, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பூஞ்சைக்கு இடமிருக்காது.

வாங்கலாமா? மலைச்சாலை, திறந்த சரிவு, பறவை, பூச்சி என்று கலந்து எடுப்பவர் தயங்காமல் வாங்கலாம். நிழலுக்குள் மட்டுமே எடுக்கப் போகிறவருக்கு என் யோசனை வேறு: 2017-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. சென்சார் ஒரு அங்குலம்தான், இதில் மூன்றில் ஒரு பங்கு பரப்பு. ஆனால் 600 மி.மீ.-க்கு நிகரான தூரத்திலும் அதன் லென்ஸ் எஃப்4 வரை திறக்கும். அது இரண்டு படி அதிக வெளிச்சம். சென்சார் சின்னதானதால் இழப்பது ஒன்றரைப் படி. ஆகவே இருட்டில் அரைப் படி அதுதான் முந்தும், தூசிக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் தாங்கும். லென்ஸை மாற்ற முடியாது, ஃபோகஸில் ஆர்10 அளவுக்குச் சாமர்த்தியம் இல்லை. நல்ல நிலையில் பழைய கேமரா ஒன்று கிடைத்தால், ஒரு காலைப்பொழுது ஏலக்காட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.