பெட்டியில் கிடந்த மதகஜம்

“நேரம் வந்தது, படம் வந்தது” என்கிறார்கள். சொல்பவர் சோதிடரல்லர், பட்டம் பெற்ற இளைஞர்! 2012-இல் எடுக்கப்பட்டு, 2013 பொங்கலுக்கு வருமென அறிவிக்கப்பட்டு, 2025 சனவரி 12 அன்றுதான் திரையைக் கண்ட சுந்தர்.சி-யின் ‘மதகஜராஜா’ பற்றிய பேச்சு இது. சனி விலகிற்றாம், குரு பார்த்தாராம்!

நாம் கேட்கிறோம்: பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்த கிரகம் எது? கடன், தோழர்களே, கடன்! தயாரிப்பாளரைச் சூழ்ந்த பண நெருக்கடி. வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறார்கள். பழைய பாக்கி தீராவிடில் புதிய படம் வெளிவரக் கடன் கொடுத்தவர் இசைவதில்லை. பூட்டு திறந்த பின் கிட்டிய வெற்றிக்கும் பஞ்சாங்கம் தேவையில்லை. பொங்கலுக்கு வரவிருந்த பெரும்படமொன்று பின்வாங்கிற்று. அரங்குகளில் இடம் கிடைத்தது. விலகியது சனி அல்ல, அஜித்குமாரின் ‘விடாமுயற்சி’!

படத்தின் கதையோ, நண்பர்களை நசுக்கிய பணமுதலையை நாயகன் விஷால் தன் கைவலிமையால் வெல்வது. வெள்ளித்திரையில் ஒரு குத்துக்குச் சுருண்டு விழும் பணமுதலை, வெளியே அதே படத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் சுருட்டி வைத்திருந்தது! பெயரைச் சுருக்கினால் எம்.ஜி.ஆர். என்று வரும்படி வைத்திருக்கிறார்கள். அவருடைய ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1970-இல் ஓசாகா பொருட்காட்சியில் படமாகி, கழகம் பிளந்த பின், அரசியல் நெருக்கடிக்கிடையே 1973 மே 11 அன்று வந்தது. அந்தத் தாமதத்தில் வரலாறு இருந்தது. இதில் இருப்பது வட்டிக் கணக்கு.

சண்டைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேக்கரை மலையிலிருந்து இறங்கித் தென்னையைச் சாய்க்கும் யானைகளை அறிந்த வடகரையாருக்கு, இந்த மதகஜம் அவ்வளவு அச்சமூட்டாது.

சிரிப்பு உண்டு, மறுக்கமாட்டோம். பிணமாகக் கிடந்தே மனோபாலா அரங்கைக் குலுக்குகிறார். அவர் 2023-இல் மறைந்துவிட்டார். ‘அமைதிப்படை’ தந்த மணிவண்ணனும் இதில் தோன்றுகிறார். அவர் மறைந்தது 2013-இல். உழைத்த கலைஞர்கள் தம் உழைப்புக்குக் கிடைத்த கைதட்டலைக் கேளாமலே போனார்கள். இதற்கும் விதி என்றா பெயர்?

ஆனால் எந்தச் சிரிப்பு நம்மைச் சுடுகிறது? பெண்ணுடலைக் குறிவைத்து எழும் சிரிப்பு. அஞ்சலியும் வரலட்சுமியும் நடிக்கத் தெரிந்தவர்கள். ‘அங்காடித் தெரு’வில் (2010) நம் நெல்லைச் சீமைப் பிள்ளைகள் சென்னைத் துணிக்கடையில் படும் பாட்டைக் காட்டியபோது, கடைப்பெண்ணாக வந்து நெஞ்சை உலுக்கியவர் அந்த அஞ்சலி. இங்கே அவருக்குக் கொடுத்த வேலை என்ன? காமிராவின் முன் நிற்பது. அது மேய்வதைப் பொறுப்பது. 

“பழைய படமையா, அந்தக் காலத்தில் அப்படித்தான்” எனச் சமாதானம் சொல்கிறார் நண்பர். எந்தக் காலம்? மனுவின் காலமா? 2012 தானே! அப்போதும் தவறுதான். மேலும், காமிரா 2012-ஆம் ஆண்டினது என்றே வைத்துக்கொள்வோம். தென்காசி அரங்கில் எழுந்த விசில் எந்த ஆண்டினது? நம் வகுப்பில் அன்று அரிச்சுவடி படித்த சிறுவன் இன்று கல்லூரி மாணவன். பெண்ணுரிமை பற்றிப் பேச்சுப் போட்டியில் முழங்குகிறான். அவன்தான் விசிலடிக்கிறான்! படம் பெட்டியில் கிடந்தது, வளராதது இயல்பு. இவனையும் எவராவது பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்களா?

படிப்பகத்தில் ஞாயிறுதோறும் கூடும் தோழர்கள் இந்தப் படத்தையே பேசுபொருளாக எடுக்கலாம். முதலில் ஆண்கள் வாய் மூடியிருக்கட்டும். படம் பார்த்த தங்கைமார் பேசட்டும்.