தொகையா, குவியலா?

‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ வீடியோ விளையாட்டு குறித்து ஒரு திறனாய்வு

பலவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது எளிது. சேர்த்தவற்றுள் ஒவ்வொன்றும் தன் இயல்பு கெடாமல் நிற்கும்படி சேர்ப்பது அரிது. எட்டுத்தொகையைத் தொகுத்த நம் முன்னோர் அடியளவு நோக்கிக் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு எனப் பிரித்தனர். திணையும் துறையும் கண்டு குறித்தனர். பாடியவர் பெயர் தெரிந்தவிடத்து அதனையும் எழுதி வைத்தனர். அவை தொகை எனப் பெயர் பெற்றது அதனாலேயே. அந்த ஒழுங்கு இல்லாதிருப்பின் எஞ்சியிருப்பது வெறும் ஓலைக் குவியலே.

இந்த அளவுகோலை ஒரு வீடியோ விளையாட்டின்மீது வைத்துப் பார்க்க விழைகிறேன். இலக்கிய இதழில் இதற்கென்ன இடம் என்று வாசக நேயர்கள் வினவக்கூடும். நம் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் வீரரையும் பகைவரையும் முதன்முதலாக அறிந்துகொள்ளும் இடம் இன்று ஏடாக இல்லை, திரையாகவே இருக்கிறது. பிள்ளைகள் மணிக்கணக்கில் பழகும் ஒன்றை எடைபோட்டுப் பாராமல் தள்ளுவதும், பாராமலே வாங்கிக் கொடுப்பதும் ஒரே வகை அசட்டைதான். உருவம், இசை ஆகியவை பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிட்டு, படைப்பு என்ற அளவில் மட்டும் இதனை இங்கே நோக்குவோம்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தன் ‘ஸ்விட்ச்’ கருவிக்காக 2018 டிசம்பர் 7 அன்று வெளியிட்டது ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’. இதனை இயக்கியவர் மசாஹிரோ சகுராய். உலகெங்கும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற படைப்பு இது. நம் ஊர்களுக்கு இக்கருவி பெரும்பாலும் பயணிகளின் பெட்டி வழியாகவும் வெளிநாட்டுச் சரக்கு விற்கும் கடைகள் வழியாகவுமே வந்து சேர்ந்தது. துபாயிலோ தோஹாவிலோ பணிபுரியும் சாச்சாவோ மாமாவோ பெருநாள் விடுப்பில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் கொண்டுவரும் பொருள்களுள் இன்று இதுவும் ஒன்று.

இதன் வரலாறு சுவையானது. சகுராயும், பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவராகி 2015இல் மறைந்த சடோரு இவாட்டாவும், தம் அலுவல்களுக்கிடையே முயன்று உருவாக்கிய ஒரு சண்டை விளையாட்டின் மாதிரியே இதற்கு வித்து. அம்மாதிரியில் முகமில்லாத உருவங்களே மோதின. நிண்டெண்டோவின் வெவ்வேறு விளையாட்டுகளில் தனித்தனியே உலவிய மாந்தரை அவ்வுருவங்களின் இடத்தில் நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. அவ்வாறு பிறந்த முதல் ஆட்டம் 1999இல் 12 வீரருடன் வெளிவந்தது. அதன் தொடக்கக் காட்சியில் ஒரு கை பொம்மைகளை எடுத்து மேசைமீது வைக்கிறது. இவர்கள் ஏன் பொருதுகிறார்கள் என்ற வினாவுக்கு ஆசிரியர் தரும் விடை அதுவே: இது ஒரு குழந்தையின் அறையில் பொம்மைகளுக்கிடையே நடக்கும் போர்.

அந்த 12 பேர் அல்டிமேட்டில் 89 பேராகப் பெருகிவிட்டனர். முந்தைய ஆட்டங்களில் வந்த ஒருவரும் விடுபடவில்லை. நிண்டெண்டோவின் மாரியோ, லிங்க், பிகாச்சு ஆகியோருடன் சேகாவின் சோனிக்கும், நாம்கோவின் பேக்மேனும், கேப்காமின் ரியூவும், கொனாமியின் ஸ்நேக்கும் ஒரே களத்தில் நிற்கின்றனர். வணிகத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்கள் தத்தம் மாந்தரை ஒரே கூரையின்கீழ் அனுப்பிவைத்தது சிறிய செய்தியன்று. இவற்றுடன் 100க்கு மேற்பட்ட களங்கள், 800க்கு மேற்பட்ட இசைத்துண்டுகள், ‘ஸ்பிரிட்’ எனப்படும் 1,300 அளவிலான உருவப் படங்கள் என்று பண்டசாலைபோல் நிரப்பப்பட்டிருக்கிறது இவ்விளையாட்டு.

ஆட்டமுறை பிற சண்டை விளையாட்டுகளினின்றும் வேறுபட்டது. அவற்றில் வீரனுக்கு உயிர்க்கோடு ஒன்று உண்டு. அடிபடுந்தோறும் அது தேயும், தேய்ந்து முடிந்தால் அவன் வீழ்வான். இங்கே அடிபடுந்தோறும் ஒரு விழுக்காட்டெண் ஏறுகிறது. எண் ஏற ஏற, அடிபட்டவன் அதிகத் தொலைவுக்குத் தூக்கி எறியப்படுகிறான். களத்தின் எல்லைக்கு அப்பால் போய்விட்டால் ஆட்டமிழப்பான். 300 விழுக்காடு அடிபட்டவனும் எல்லைக்குள் இருக்கும்வரை தோற்றவனாகான். எதிரியை எல்லை கடத்துவதே வெற்றி என்னும் இம்முறை, மற்போரினும் நம் சடுகுடுவுக்கே நெருங்கியது. குருதி இல்லை, பிணம் இல்லை. 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் உண்மைப் போருக்கான டாங்கிகள் உருவாகும் ஆவடியில், பொம்மைப் போருக்கும் மெய்ப்போருக்கும் உள்ள தொலைவைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பதும் எளிதே.

இனி, இதன் தலையாய சிறப்பைக் காண்போம். 89 பேரைச் சேர்த்தும், அவர்களுள் மிகப் பலருக்கு அவரவர் இலக்கணம் மாறாமல் காக்கப்பட்டிருக்கிறது. ரியூவின் அடியைப் பழைய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தில் போலவே ஜாய்ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கமாகச் சுழற்றி எழுப்பலாம். மறைந்திருந்து தாக்கும் ஸ்நேக் இங்கும் வெடிகளைப் புதைத்து வைத்துக் காத்திருக்கிறான். ‘மைன்கிராஃப்ட்’ ஆட்டத்தின் ஸ்டீவ் போருக்கிடையே மண்ணைத் தோண்டிக் கல்லும் இரும்பும் சேர்த்துக் கருவி செய்கிறான். ‘அனிமல் கிராசிங்’ என்னும் அமைதியான ஊர்வாழ்க்கை விளையாட்டிலிருந்து வந்த கிராமவாசி, பிறர் எறிந்ததைப் பிடித்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். மரக்கன்று நட்டு, நீர் ஊற்றி வளர்த்து, அதனை வெட்டி எதிரியின்மீது சாய்க்கிறான். போரிடவே தெரியாத ஒருவனுக்கு அவன் தொழிலையே படைக்கலமாக்கிய இந்த நுட்பம் பாராட்டத்தக்கது.

ஒவ்வொரு வீரருக்கும் தனியே அமைந்த போர்வரிசையிலும் இவ்வொழுங்கு தெரிகிறது. லிங்க்கின் பாதை அவன் பழம்பகைவனான கேனன் முன் சென்று முடிகிறது; சைமனின் பாதை டிராகுலாவின் முன் முடிகிறது. ரியூவின் பாதையில் விழுக்காட்டு முறை நீங்கி, அவன் பிறந்த ஆட்டத்தின் உயிர்க்கோட்டு முறையே வருகிறது. இசையும் எந்த விளையாட்டுத் தொடருக்கு உரியதோ அதன்கீழேயே அடுக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஆடுவோர் கையில் 8 வீரரே உள்ளனர். ஏனையோரை ஆடி ஆடியே பெறவேண்டும். பெருஞ்செல்வத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து காட்டும் இம்முறை நல்ல தொகுப்பாளனுக்கு உரியது. இவ்வளவில் இதனைத் தொகை என்று தயங்காமல் சொல்லலாம்.

குவியலாவது எங்கே? முதலாவது, அந்த 1,300 படங்கள். இத்தொடரின் 2001ஆம் ஆண்டு ஆட்டத்தில் சிறு சிலைகள் பரிசாகக் கிடைத்தன. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு குறிப்பு இருந்தது: இவர் யார், எந்தக் கதையில் வந்தார், என்ன செய்தார் என்று அது சொல்லும். சிறுவன் ஒருவன் அதனைப் படித்தே ஒரு கலையின் வரலாற்றை அறிந்துகொள்ள முடிந்தது. அல்டிமேட்டில் சிலையும் போயிற்று, குறிப்பும் போயிற்று. பழைய ஓவியம் ஒன்றும், பெயரும், வலிமையைக் காட்டும் எண்ணும் எஞ்சின. எண்ணிக்கை பெருகியபோது பொருள் சுருங்கிவிட்டது. துறைக்குறிப்பு அழிந்த பாடலைப்போல அப்படங்கள் நிற்கின்றன.

இரண்டாவது, ‘ஒளியுலகம்’ என்னும் நெடுங்கதைப் பகுதி. கலீம் என்னும் ஒளிவடிவப் பேராற்றல் எல்லா வீரரையும் ஒரே வீச்சில் விழுங்கிவிட, கிர்பி ஒருவன் மட்டும் தப்பி மற்றவரை மீட்கப் புறப்படுகிறான். தொடக்கம் வலிமையாகவே இருக்கிறது. அதன்பின் நூற்றுக்கணக்கான சண்டைகள் அடுக்கப்படுகின்றன. மீட்கப்பட்டவர் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நம் புலவர்கள் பாடிய படைப்போர் நூல்களை இங்கே நினைக்கவேண்டும். ‘சக்கூன் படைப்போர்’, ‘செய்தத்துப் படைப்போர்’, அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ போன்றவை தமிழுக்கு முஸ்லிம்கள் அளித்த தனி இலக்கிய வகையைச் சேர்ந்தவை. புனிதர்களைப் பாடிய நூல்களையும் பொம்மைகளின் ஆட்டத்தையும் ஒருதட்டில் வைக்கும் எண்ணம் எனக்கில்லை. கதையின் கட்டுக்கோப்பை மட்டுமே ஒப்பிடுகிறேன். படைப்போரில் வாள் உருவப்படுமுன் சொல் நிகழும். அறைகூவலும் மறுமொழியும் நிகழும். எதன்பொருட்டு இப்போர் என்பது கேட்போர்க்குத் தெளிவாகும். காரணம் அறிந்தபின் வரும் போரே நெஞ்சைத் தொடும். ஒளியுலகத்தில் காரணம் முதற்காட்சியோடு நின்றுவிட, மோதல் மட்டும் நீள்கிறது.

அக்கதையின் முடிவு நம் பிள்ளைகளோடு அமர்ந்து பேசத்தக்கது. ஒளியாகிய கலீமை மட்டும் வீழ்த்தினால் இருளாகிய தார்கோன் உலகை ஆள்கிறது. இருளை மட்டும் வீழ்த்தினால் ஒளி யாவற்றையும் அழிக்கிறது. இரண்டையும் ஒருசேர வென்றாலன்றி நல்முடிவு இல்லை. ஒளியும் இருளும் நிகரான இரு வல்லமைகள் என்னும் இக்கருத்து ஏகத்துவம் அறிந்த உள்ளத்துக்கு அயலானது. சீறாப்புராணத்தின் தலைமுறைப் படலத்தில் ஒளி, ஆதம் நபி (அலை) முதல் வழிவழியாக வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் விளங்கிய அருட்கொடை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் உணரும்படி எடுத்துச் சொல்வது பெற்றோர் பொறுப்பு.

மூன்றாவது குறை நம்மை நேரே தொடுவது. இந்த 89 பேருள் நம் நாட்டவர் எவருமில்லை. பாலைநில மக்களின் சாயல் உடையவனாக உள்ள கேனன்டார்ஃப், 1998இல் வந்த ‘செல்டா’ ஆட்டத்தில் பாலைவனத் திருடர் கூட்டத்தின் அரசனாக அறிமுகமானவன். அவ்வாட்டத்தின் முதற்பதிப்பில் அக்கூட்டத்தாரின் சின்னம் பிறையும் விண்மீனுமாக இருந்தது. ஒரு கோயிற் காட்சியின் பின்னணியில் இஸ்லாமிய வழிபாட்டு ஒலி சேர்க்கப்பட்டிருந்தது. பின்வந்த பதிப்புகளில் அவ்விரண்டும் நீக்கப்பட்டன. அறியாமையால் நேர்ந்ததை நிறுவனம் திருத்திக்கொண்டது நன்றே. ஆயினும் ஸ்மாஷ் தொடரில் இவனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: 2001இல் இவன் சேர்க்கப்பட்டபோது மந்திரமும் வாளும் வல்ல இவனுக்கு, பந்தயக் கார் ஓட்டும் கேப்டன் ஃபால்கனின் குத்துகளே பெரும்பாலும் கடனாகக் கொடுக்கப்பட்டன. தன் வாளைத் தன் முதன்மை அடிகளில் வீச அவன் அல்டிமேட்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிராமவாசிக்கும் கிட்டிய தனி இலக்கணம் இவனுக்கு 17 ஆண்டுகள் கிட்டவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை நம் புறநகர் மக்கள் அறிவர். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்னும் ஆட்டத்தை அப்பெயரால் சொன்னால் இங்கே பலருக்கு விளங்காது. ‘முஸ்தபா’ என்றால் விளங்கும். நாணயம் போட்டு ஆடும் கடைகளில் அன்று நின்ற சிறுவர்கள் இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிசெய்யும் தந்தையராக இருக்கிறார்கள். அவ்வாட்டத்தின் நான்கு வீரருள் ஒருவன் முஸ்தபா கெய்ரோ, மஞ்சள் தொப்பியும் விரைந்த காலும் உடையவன், தீயோரை எதிர்ப்பவன். அவனை ஆட எல்லாச் சமயத்துச் சிறுவரும் முந்தினர். ஆட்டத்தின் பெயரே மறைந்து அவன் பெயர் நிலைத்தது. நல்லவனாக, வல்லவனாக ஒரு முஸ்லிம் பெயர் திரையில் வந்தபோது அதனை ஏற்க எவரும் தயங்கவில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ? பிற்காலத்தில் ‘டெக்கன் 7’ ஆட்டத்தில் சவூதி அரேபிய வீரன் ஷாஹீனை, அரபு ஆட்டக்காரரின் கருத்துக் கேட்டு வடித்தனர். அதே டெக்கனிலிருந்து 2021இல் அல்டிமேட்டுக்கு அழைக்கப்பட்டவனோ கசூயா. 89 இருக்கைகள் இட்ட பந்தியில் நமக்கு ஓர் இருக்கை இல்லாதது எண்ணிக்கைக் குறைவால் நேர்ந்ததன்று.

குடும்பத்தார் அறியவேண்டிய நடைமுறைச் செய்திகள் சில. அமெரிக்க விலையில் ஆட்டம் 60 டாலர். பின்னர் வந்த வீரர்களுக்கான இரு தொகுப்புகள் 25 டாலரும் 30 டாலரும். முழுமை வேண்டுவோர் ஏறத்தாழ இருமடங்கு கொடுக்கவேண்டும். எனினும் விலை இன்னது, பொருள் இன்னது என்று முன்னரே தெரிகிறது. பணம் கட்டிப் பெட்டியைத் திறந்து, என்ன வருமோ என்று காத்திருக்கும் சூதுத்தன்மை இதில் இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை அறிந்த பெற்றோர் இவ்வேறுபாட்டைக் கருதவேண்டும். வயது வரம்பு அமெரிக்காவில் 10, ஐரோப்பாவில் 12. பயொனெட்டா போன்ற சில பெண் வீரரின் உடை நம் இல்லங்களுக்கு உவப்பானதன்று. கிரேக்கப் புராணத் தெய்வ உருவமும் உண்டு. இணையம் இன்றியே ஒரே திரையில் 8 பேர்வரை ஆடலாம் என்பது பெருநன்மை. ஷிப்டு முடிந்து வந்த தந்தையும், தனயனும், விடுமுறைக்கு வந்த மாமன் பிள்ளைகளும் ஒன்றாக அமர இடமுண்டு. ஆட்டங்கள் சில நிமிடங்களில் முடிவதால், மக்ரிபு பாங்கு கேட்டதும் நிறுத்தி எழுவதற்குத் தடையுமில்லை; ‘இன்னும் ஒன்று’ என்ற ஆசைக்குத்தான் கடிவாளம் வேண்டும்.

முடிவாக, வீரரின் அசைவிலும் வரிசையிலும் இசையடுக்கிலும் இது சிறந்த தொகை. படங்களிலும் நெடுங்கதையிலும் குவியல். மொத்தத்தில் குறையினும் நிறையே மிகுதி. ஆயினும் நிறைவு பொருளின் மிகுதியால் மட்டும் வருவதில்லை. இவர் யார், எங்கிருந்து வந்தார், எதற்காக நிற்கிறார் என்ற குறிப்பினால் வருகிறது. அக்குறிப்பை இவ்விளையாட்டின் ஆசிரியர் எழுதாமல் விட்டார். பிள்ளையருகே அமர்ந்து, “இவன் எந்தக் கதையிலிருந்து வந்தான்?” என்று கேட்டு, அவன் சொல்வதைச் செவிமடுத்து, பின் நம் படைப்போர்களின் கதையையும் சீறாவின் கதையையும் அவனுக்குச் சொல்லும் பெற்றோர் அதனை எழுதி நிரப்பலாம்.