சுபாவின் லேபில் டியூப் கழுவுவது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் '7ஆம் அறிவு' ஓடிக்கொண்டிருந்தது. 2011 தீபாவளிக்கு வந்த படம். எத்தனையாவது தடவை போடுகிறோம் என்று சேனல்காரர்களுக்கே கணக்கு இருக்காது. சாப்பிட்ட மயக்கத்தில் நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் என் சித்தி பெண். பயோடெக்னாலஜி படித்தவள்.

படம் சீரியஸாகப் போகிற இடத்தில் அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். திரையில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. ஸ்ருதிஹாசன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லண்ணா. இந்தப் பொண்ணு வச்ச எக்ஸ்பெரிமென்ட் எல்லாமே முதல் தடவையே வொர்க் ஆயிடுது பாரேன். அதான் சிரிப்பு வந்துடுச்சு."

படம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சுபா ஒரு ஜெனடிக் இன்ஜினியரிங் மாணவி. சர்க்கஸ்காரரான சூர்யா, போதிதர்மரின் பரம்பரையில் வந்தவர். அவருடைய மரபணுவைத் தட்டி எழுப்பினால், ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த மகானின் வைத்தியமும் சண்டைத் திறமையும் பேரனுக்குப் பேரனுக்குப் பேரனிடம் திரும்பி வந்துவிடும். அதற்குள் சீனாவிலிருந்து வைரஸோடு வில்லன் வந்து இறங்குகிறான். இயக்கம் ஏ.ஆர்.முருகதாஸ்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். தமிழ் சினிமாவில் கல்லூரி மாணவி என்றால் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பதுதான் வெகுகாலம் வழக்கம். இந்தப் படத்தில் கதாநாயகி படித்த படிப்புதான் கதையையே நகர்த்துகிறது. டி.என்.ஏ. என்ற வார்த்தையை டீக்கடை வரைக்கும் கொண்டுபோனதில் இந்தப் படத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. சின்ன விஷயமில்லை.

ஆனால் கணக்கு இடிக்கிறது. நான் பி.காம்.காரன். உயிரியல் தெரியாவிட்டாலும் பெருக்கல் தெரியும். தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் 1,500 வருஷத்துக்கு 60 தலைமுறை. உங்களுக்கு அப்பா, அம்மா இரண்டு பேர். தாத்தா, பாட்டி நாலு பேர். அதற்கு மேலே எட்டு. இப்படியே 60 படி ஏறினால் பத்தாயிரம் கோடி கோடிக்கும் மேல் வருகிறது. அத்தனை பேர் பூமியில் வாழ்ந்ததே இல்லை. ஆக, ஒரே ஆசாமிதான் திரும்பத் திரும்ப நம் எல்லோருக்கும் முப்பாட்டனாக வந்து நிற்கிறார். போதிதர்மருக்கு ஒரு பிள்ளை இருந்து, அந்த வம்சமும் தழைத்திருந்தால், இன்றைக்குக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற முக்கால்வாசிப் பேர் அவருடைய வாரிசாக இருக்கலாம். சர்க்கஸ் வரைக்கும் போய்த் தேட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது, ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுச் சொத்தில் பாதிதான் பிள்ளைக்குப் போகிறது. பத்துப் பதினைந்து தலைமுறை தாண்டினாலே, குறிப்பிட்ட ஒரு மூதாதையரிடமிருந்து ஒரு துண்டுகூட வராமல் போய்விட வாய்ப்பு அதிகம். அப்பாவிலிருந்து மகனுக்கு மட்டுமே போகிற ஒய் குரோமோசோம் ஒரு விதிவிலக்கு. அதில் குங்ஃபூ இருப்பதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. கற்றுக்கொண்ட வித்தை எதுவும் டி.என்.ஏ.வில் பதிவதில்லை. அப்படிப் பதியுமென்றால் ஆடிட்டர் பையன் சி.ஏ. பரீட்சைக்கு ராத்திரியெல்லாம் கண்முழிக்க வேண்டாமே!

சரி, சினிமாதானே, விட்டுத்தள்ளு என்பீர்கள். நானும் விட்டிருப்பேன். இடைவேளை விளம்பரத்தின்போது காலிங் பெல் அடித்தது. மாடி வீட்டு சார், கூடவே பிளஸ் டூ முடித்த பெண். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் இறுகியிருந்தது.

"பயோடெக்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா சார். நீங்க பத்திரிகைக்காரர். நாலு விஷயம் தெரிஞ்சவர். சொல்லுங்க."

எனக்கு வாய் வரவில்லை. காரணம், இதே கேள்விக்கு 2004-ல் நான் படு தைரியமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அச்சிலேயே.

அப்போது ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் கல்வி இணைப்பு போடுவார்கள். பயோடெக் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள். மனித மரபணு வரைபடத்தின் முதல் நகலை 2000 ஜூனில் கிளின்டன் அறிவித்திருந்தார். 2003 ஏப்ரலில் அந்த வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். 2004-ல் பயோகான் பங்கு வெளியீடு சக்கைப்போடு போட்டது. டைடல் பார்க் எழும்பிய அதே தரமணியில் டைசல் பயோ பார்க்கும் வந்தது. ஐ.டி.க்கு அடுத்த அலை பயோடெக் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். டாக்டர் சீட் கை நழுவிய குழந்தைகளுக்கெல்லாம் அது ஆறுதல் பரிசாகத் தெரிந்தது. அந்த இணைப்பைப் படித்துவிட்டு பி.டெக். பயோடெக் சேர்ந்தவர்களில் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள்.

எங்கே தப்பு பண்ணினோம்? ஐ.டி.யோடு ஒப்பிட்டதில்தான். சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கட்டடம், கம்ப்யூட்டர், ஆட்கள் இருந்தால் போதும், ஆறு மாதத்தில் பில் போட ஆரம்பித்துவிடலாம். உயிரோடு விளையாடுகிற தொழிலில் அந்த அவசரம் நடக்காது. ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1993-ல் தொடங்கியது. அதன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி கடைக்கு வந்தது 1997-ல். பயோகான் 1978-ல் ஆரம்பித்து பங்குச்சந்தைக்கு வர 26 வருஷம் பிடித்தது. பப்பாளிப் பாலிலிருந்து என்ஸைம் எடுத்து விற்றுத்தான் அந்தக் கம்பெனி பிழைப்பை ஓட்ட ஆரம்பித்தது. நடுவில் சோதனை, அனுமதி, மறுபடி சோதனை. இந்தக் காலமெல்லாம் வருமானம் வராது. ஆகவே ஆளும் கொஞ்சமாகத்தான் எடுப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. சாந்தாவை ஆரம்பித்த வரபிரசாத் ரெட்டி எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். பயோகான் கிரண் மஜும்தார் ஷா, பீர் காய்ச்சுகிற கலையைப் படித்தவர். பாரத் பயோடெக் கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிப் பக்கம் பிறந்து, விவசாயம் படித்தவர். உலகத்துக்கே தடுப்பூசி சப்ளை செய்கிற புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் சைரஸ் பூனாவாலா காலேஜில் படித்தது என்ன தெரியுமா? காமர்ஸ்! (எங்கள் வகுப்பில் இதை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் கவனித்துப் படித்திருப்பேன்.)

என் சித்தி பெண்ணின் வகுப்பில் பாதிக்கு மேல் கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போனார்கள். நாலு வருஷம் பாக்டீரியா வளர்த்துவிட்டு ஜாவா எழுதினார்கள். இவள் பிடிவாதமாக எம்.டெக். படித்தாள். ஒரு மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு லேபில் சில வருஷம் இருந்தாள். இப்போது பார்மகோவிஜிலன்ஸ். அதாவது, எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு பாட்டி மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனால், அந்தத் தகவல் இவள் மேஜைக்கு வரும். மாத்திரையால் வந்ததா, வேறு காரணமா, எவ்வளவு ஆபத்து என்று அலசிப் பதிவு செய்ய வேண்டும். இதே மாதிரி மெடிக்கல் கோடிங்கிலும் சென்னையில் ஏகப்பட்ட உயிரியல் பட்டதாரிகள் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் வருகிறது. மைக்ரோபைபெட்டைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

அவளோடு படித்த ஒருவன் பிஎச்.டி. பக்கம் போனான். சினிமா சொல்லாமல் விட்ட முக்கியமான சமாசாரம் இவன் கதையில்தான் இருக்கிறது. டிகிரி மூன்று அல்லது நாலு வருஷம், முதுகலை இரண்டு, பிஎச்.டி. ஐந்து. சில சமயம் ஆறு. நெட் பரீட்சையில் தேறினால் ஃபெல்லோஷிப். அந்தத் தொகையை 2023-ல்தான் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதுவும் மாதாமாதம் டாணென்று வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. கூடப் படித்தவன் ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ. கட்டும்போது இவன் இன்னும் ஸ்டூடன்ட். பெண் கொடுக்க வருகிறவர்கள் "மாப்ள இன்னும் படிச்சிக்கிட்டா இருக்கார்?" என்று கேட்கிறார்கள்.

சரி, அந்த லேபுக்குள் என்னதான் நடக்கிறது? பி.சி.ஆர். என்ற ஒரு சமாசாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் கேரி முல்லிஸ் யோசித்தது, 1993-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. ஒரு துண்டு டி.என்.ஏ.வை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் இரண்டு இழையாகப் பிரியும். ஆறவைத்து, ஒவ்வொரு இழைக்கும் ஜோடி கட்டினால் ஒன்று இரண்டாகிவிடும். இப்படி முப்பது சுற்று. ஒன்று, நூறு கோடியைத் தாண்டிவிடும். எங்கள் பாஷையில் சொன்னால் நூறு பர்சென்ட் கூட்டு வட்டி.

கேட்க அழகாக இருக்கிறதல்லவா? நிஜத்தில் அளவு துளி பிசகினாலும் ஒன்றும் வராது. பக்கத்து டியூபிலிருந்து ஒரு சொட்டுத் தெறித்தால் அந்த அழுக்கும் கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். ராத்திரி கரன்ட் போய் ஃப்ரீசர் நின்றால் மூன்று மாத உழைப்பு காலி. பத்துத் தடவையில் எட்டு தடவை தோற்பதுதான் இந்தப் படிப்பின் தினசரி வாழ்க்கை. ஒன்பதாவது தடவைக்கு டியூபைக் கழுவி வைக்கிற பொறுமைதான் நிஜ ஆராய்ச்சி. சுபாவின் லேபில் டியூப் கழுவுகிற காட்சி ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. இந்தப் படத்தின் மேல் என் புகார் அதுதான். தப்பான மரபணுக் கணக்கை மன்னித்துவிடலாம். தோல்வியையே காட்டாமல் விட்டதை மன்னிக்க முடியவில்லை. அதை நம்பிப் போகிற குழந்தை, முதல் செமஸ்டரில் ஜெல்லில் ஒரு கோடும் தெரியாதபோது, தனக்குத்தான் அறிவில்லை என்று முடிவு கட்டிவிடும்.

2020-ல் நாடே வீட்டுக்குள் ஒடுங்கியபோது, ஆர்.டி.பி.சி.ஆர். என்ற பெயர் ரேஷன் கடை க்யூ வரைக்கும் புழங்கியது. மூக்கில் விட்ட குச்சி எங்கே போனது என்று எத்தனை பேர் யோசித்தோம்? பி.பி.இ. உடைக்குள் வெந்துகொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்தக் குச்சிகளைப் பரிசோதித்தவர்களில் மைக்ரோபயாலஜி, பயோடெக் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நிஜமாகவே வைரஸ் வந்தது. நிஜ சுபாக்களும் வந்தார்கள். சர்க்கஸ்காரர் தேவைப்படவில்லை. அவர்களை வைத்து ஒரு படம் எடுக்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

மாடி வீட்டுப் பெண்ணிடம் கடைசியில் நான் எதுவும் சொல்லவில்லை. தங்கையை முன்னால் தள்ளிவிட்டேன். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்:

"ஸ்கூல் லேப்ல ஏதாவது சொதப்பியிருக்கியா?"

"நிறைய ஆன்ட்டி. வெங்காயத் தோல் ஸ்லைடு எனக்கு வரவே வராது."

"அப்புறம்?"

"வீட்ல உக்காந்து உரிச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா திட்டுனாங்க. பதினோராவது தடவை செல் தெரிஞ்சுது."

தங்கை அந்த அப்பாவிடம் திரும்பினாள். "டிகிரியோட நிறுத்தினா என்னை மாதிரி ஆபீஸ்ல உக்காரணும். அதுவும் மோசமில்ல. ஆராய்ச்சின்னா முப்பது வயசு வரைக்கும் அவளைச் சம்பாதிக்கச் சொல்லி நெருக்கக்கூடாது. உங்களால முடியுமா சார்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். பெண் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று எழுந்துகொண்டார். 2004-ல் நான் எழுதின அந்தப் பக்கத்தில் பெற்றோருக்கு இப்படி ஒரு கேள்வியே இல்லை.

அவர்கள் போன பிறகு தங்கையிடம் மெதுவாகக் கேட்டேன். "நான் எழுதினதைப் படிச்சு இதுல சேர்ந்தியே, என் மேல கோபமா?"

"அதெல்லாம் இல்லண்ணா" என்றாள். "இப்பவும் சில நாள் கனவுல பைபெட் பிடிக்கிறேன். அங்கயும் ரிசல்ட் வரமாட்டேங்குது."